எந்தப் பக்கம், எத்தனை நாள்? காது மூக்கு தொண்டை நோயை மருத்துவர் கண்டுபிடிக்கும் விதம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எந்த இந்திய வீட்டில் விசாரித்தாலும் ஒருவருக்காவது ‘சைனஸ்’ இருக்கும். தலை வலித்தால் சைனஸ், காலையில் நாலு தும்மல் வந்தால் சைனஸ், காது அடைத்தாலும் அதுவும் சைனஸ்தான். நான் இந்த ஊரில் செவித்திறன் சோதிக்கும் வேலை பார்க்கிறேன். காதுக்காக வருகிறவர்களின் கதை பாதி நேரம் மூக்கிலோ தொண்டையிலோ தொடங்கியிருக்கும், அதனால் மூன்றையும் சேர்த்தே கேட்டுப் பழகிவிட்டது. இத்தனை பேர் கதையைக் கேட்டதில் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிகிறது. அபூர்வமான நோய்களின் பெயர் டாக்டருக்குத் தெரியாமல் போவதால் நேரும் தவறுகள் குறைவு. எந்தப் பக்கம், எத்தனை நாளாக என்ற இரண்டு கேள்விகளை அவர் கேட்காமல் விடுவதாலும், கேட்டால் நாம் மழுப்பலாகப் பதில் சொல்வதாலும் நேரும் தவறுகள்தான் அதிகம்.

முதலில் டாக்டர் பக்கத்து நியாயத்தைப் பார்ப்போம். தென்னாப்பிரிக்காவில் மருத்துவப் படிப்பு பெரும்பாலும் ஆறு ஆண்டு, அப்புறம் மருத்துவமனையில் இரண்டு ஆண்டு பயிற்சி, அதற்கும் மேல் ஓர் ஆண்டு சமூகச் சேவை. இவ்வளவு நீண்ட பாதையில் காது மூக்கு தொண்டைக்குக் கிடைப்பது சில வாரங்கள்தான். ஆனால் டர்பனின் சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ தனியாக கிளினிக் வைத்திருக்கும் ஒரு ஜிபியிடம், அதாவது பொது மருத்துவரிடம், வருகிறவர்களில் பெரும்பங்கு கழுத்துக்கு மேலே உள்ள ஏதோ ஒன்றுக்காகத்தான் வருகிறார்கள், அதிலும் குழந்தைகள் என்றால் கேட்கவே வேண்டாம். படித்ததற்கும் பார்க்க வேண்டியதற்கும் இடையே இருக்கும் இந்த இடைவெளி இங்கே மட்டும் உள்ளதல்ல, பல நாடுகளிலும் இதே நிலைதான்.

அடுத்த சிக்கல், இந்த உறுப்புகள் எல்லாமே துளைக்குள்ளே ஒளிந்திருப்பது. பெரியவர்களின் காதுக் குழாய் இரண்டரை சென்டிமீட்டர்தான் நீளம், ஆனால் வளைந்து போகிறது, அதன் கடைசியில் இருக்கும் செவிப்பறையைப் பார்க்க வேண்டுமானால் காது மடலைப் பின்னாலும் மேலேயும் இழுத்துப் பிடித்து ஒளி பாய்ச்ச வேண்டும். குரல்வளை இன்னும் மோசம். உயிரோடு பேசிக்கொண்டிருக்கும் ஒரு மனிதரின் குரல்நாண்கள் அசைவதை 1854ல் தெளிவாகப் பார்த்து, அடுத்த ஆண்டு லண்டனில் அறிவித்தவர் டாக்டரே இல்லை, மானுவல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார். பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற ஒரு சின்னக் கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் வைத்து, சூரிய ஒளியைத் திருப்பி, தன்னுடைய குரல்நாண்களைத் தானே பார்த்தார். இன்றைக்கு ஈஎன்டி (காது மூக்கு தொண்டை) நிபுணரிடம் எண்டோஸ்கோப் என்ற மெல்லிய குழாய்க் கருவி இருக்கிறது, மூக்கு வழியாகவே குரல்வளை வரைக்கும் போய்ப் பார்த்துவிடலாம். ஜிபியிடம் இருப்பது காது பார்க்கும் ஓட்டோஸ்கோப், ஒரு டார்ச், நாக்கை அழுத்தும் குச்சி, அதிர்ஷ்டம் இருந்தால் தட்டினால் ஒலிக்கும் ஒரு இசைக்கவை. இவற்றை வைத்துக்கொண்டு அவரால் செவிப்பறையையும், மூக்கின் முன்பகுதியையும், டான்சில்களையும் பார்க்க முடியும். மூக்கின் பின்பக்கம் தொண்டையோடு சேரும் இடமும் குரல்வளையும் அவர் கண்ணுக்கு எட்டாது. எட்டாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதை அவர் நம் வாயிலிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும், பக்கமும் நாளும் முக்கியமாவது அதனால்தான்.

பக்கம் ஏன் இவ்வளவு சொல்கிறது என்றால், சளிக் கிருமியும் ஒவ்வாமையும் பக்கம் பார்த்து வருவதில்லை. மூக்கின் உள்தோல் முழுவதும் வீங்கும், இரண்டு டான்சிலும் சிவக்கும், இரண்டு காதும் அடைக்கும். ஒரே பக்கம் மட்டும் தொந்தரவு என்றால் அந்தப் பக்கத்தில் ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் நினைக்க வேண்டும். குழந்தைக்கு ஒரே மூக்குத் துளையிலிருந்து நாற்றத்தோடு சளி வந்தால், உள்ளே பாசிமணியோ பஞ்சோ இருக்கிறது என்று நினைத்துத்தான் தேட வேண்டும், ஆன்டிபயாட்டிக் கொடுத்துப் பார்ப்போம் என்று தொடங்கக் கூடாது. அது கைக்கடிகாரத்திலும் பொம்மையிலும் இருக்கும் வட்டமான பட்டன் பேட்டரியாக இருந்துவிட்டால் சில மணி நேரத்திலேயே மூக்கின் நடுச்சுவரை அரித்துவிடும், அன்றைக்கே எடுத்தாக வேண்டும். பெரியவருக்கு ஒரு பக்க மூக்கு மட்டும் வாரக்கணக்கில் அடைத்து, கூடவே ரத்தமும் கசிந்தால், அல்லது சளி பிடிக்காமலே ஒரு காதுக்குள் மட்டும் நீர் கோத்துக்கொண்டு போகாமல் நின்றால், மூக்கின் பின்பக்கம் கட்டி ஏதும் இருக்கிறதா என்று எண்டோஸ்கோப்பில் பார்க்காமல் விடக் கூடாது. ஒரு டான்சில் மட்டும் பெரிதாகிக்கொண்டே போவதும் இதே கணக்குதான். ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் பயந்து வருகிறார்கள்: மூக்கு சில மணி நேரம் இடப்பக்கமும் சில மணி நேரம் வலப்பக்கமும் மாறி மாறி அடைப்பது உடம்பின் இயல்பு, நோய் இல்லை. ஒரே பக்கம் நிலையாக அடைத்திருப்பதைத்தான் சொல்ல வேண்டும்.

என் வேலையில் மனம் மிகவும் வருந்துவது ஒரு காது திடீரெனக் கேட்காமல் போய், தாமதமாக வருகிறவர்களைப் பார்க்கும்போது. ராத்திரி நன்றாகப் படுத்திருப்பார், காலையில் போனை வலது காதில் வைத்தால் ஒன்றும் கேட்காது, கொஞ்சம் இரைச்சல், காது அடைத்த மாதிரி ஓர் உணர்வு. சளிக்காலமாக இருந்தால் எல்லோருக்கும் சளி என்றுதான் தோன்றும், மூக்கு ஸ்ப்ரேயும் மாத்திரையும் எழுதிக் கொடுத்து இரண்டு வாரம் கழித்து வரச் சொல்வார்கள். அந்த இரண்டு வாரம்தான் வைத்தியத்துக்கு உகந்த காலம். மூன்று நாளுக்குள், அடுத்தடுத்த மூன்று அலைவரிசைகளில் 30 டெசிபெல்லோ அதற்கு மேலோ உள்காதின் கேட்கும் திறன் குறைந்திருந்தால் அதைத் திடீர் நரம்புச் செவிடு என்கிறோம். பெரும்பாலானவர்களுக்குக் காரணம் அகப்படுவதில்லை, ஆனால் ஸ்டீராய்டு மாத்திரையைச் சீக்கிரம் தொடங்கினால் திரும்பக் கிடைக்க வாய்ப்பு கூடலாம், நாள் போகப் போக வாய்ப்பு குறைகிறது. கேட்கும் நரம்பில் கட்டி இருக்கிறதா என்று பின்னால் எம்ஆர்ஐ எடுத்துப் பார்ப்பதும் வழக்கம்.

காது அழுக்கால் அடைத்ததா, நரம்பு போனதா என்று பிரித்துப் பார்க்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி நெற்றி நடுவில் வைத்தால் போதும். அழுக்கோ நீரோ அடைத்திருந்தால் சத்தம் மங்கிய காதுப் பக்கமே போகும், நரம்பு போயிருந்தால் நல்ல காதுக்குப் போகும். நீங்களே ஒரு விரலால் ஒரு காதை அடைத்துக்கொண்டு, வாயை மூடி ‘ம்ம்’ என்று முனகிப் பாருங்கள், சத்தம் அடைத்த காதுக்குள் போய் நிற்பது தெரியும். திடீரென ஒரு காது மங்கினவர் விரலை வைக்காமல் முனகும்போது சத்தம் நல்ல காதுப் பக்கம் போனால், அன்றைக்கே டாக்டரிடம் போய், “டாக்டர், முனகினால் சத்தம் நல்ல காதில்தான் கேட்கிறது” என்று சொல்ல வேண்டும். வெபர் சோதனை என்ற பெயரில் இது 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது, அரை நிமிட வேலை. இதைச் செய்யாமல் விடுவதற்கு நேரமில்லை என்ற காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டு காதும் ஒன்றாகப் போகும்போது கதை வேறு, அதில் இந்த நாட்டுக்கு ஒரு பெரிய வேதனை உண்டு. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் டர்பன் இருக்கும் குவாசுலு நட்டால் மாகாணத்தை உலுக்கிய காலத்தில், கனாமைசினோ அமிகாசினோ மாதக்கணக்கில் ஊசியாகப் போட்டார்கள். உயிர் பிழைத்தவர்களில் பலர் செவிப்புலனை இழந்தார்கள். அந்த மருந்து உள்காதின் நுண்ணிய முடிச் செல்களைக் கொல்கிறது, அதுவும் மிகக் கீச்சான ஒலியைக் கேட்கும் செல்களில் தொடங்கி. அதனால் முதலில் நோயாளிக்கு எதுவுமே தெரியாது, பேச்சு நன்றாகத்தான் கேட்கும். பேச்சு மங்கும் நாளில் இழப்பு ஏற்கெனவே வெகுதூரம் போயிருக்கும், இறந்த செல்கள் திரும்ப முளைப்பதில்லை. ஆடியோகிராம் என்ற சாதாரண செவித்திறன் சோதனை 8000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், அதற்கு மேலே 16000 வரைக்கும் மாதாமாதம் சோதித்தால்தான் ஆரம்பத்திலேயே பிடிக்க முடியும். அப்படிச் சோதிக்க ஆளும் கருவியும் எல்லா ஊரிலும் இருந்ததில்லை. 2018 ஜூனில் தென்னாப்பிரிக்கா அந்த ஊசிகளுக்குப் பதிலாக பெடாகுவிலின் மாத்திரையைக் கொடுக்க முடிவெடுத்தது, இரண்டு மாதத்தில் உலக சுகாதார நிறுவனமும் அதே பக்கம் வந்தது. காதைக் காப்பாற்றிய மிகப் பெரிய முடிவு இங்கே காசநோய்ப் பிரிவில்தான் எடுக்கப்பட்டது என்பதை நான் நன்றியோடுதான் நினைக்கிறேன். ஆனால் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஜென்டாமைசின் இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது. தாய்வழியாக வரும் ஒரு மரபணு மாற்றம் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் மருந்தே காதைக் கெடுத்துவிடும். அம்மா, பாட்டி, தாய்மாமன் என்று அந்த வழியில் யாருக்காவது ஊசி போட்டபின் காது போயிருந்தால் டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள்.

சரி, காதில் சீழ். இதில் நாள்தான் பேசும். குழந்தைக்குக் காய்ச்சலோடு காது வலித்து, ராத்திரி அழுது, காலையில் சீழ் வந்து வலி நின்றால் அது நடுக்காதில் வந்த புதுத் தொற்று, பெரும்பாலும் ஆறிவிடும். இங்கே டாக்டர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அழுகிற குழந்தையின் செவிப்பறை அழுகையாலேயே சிவக்கும், அந்தச் சிவப்பை மட்டும் பார்த்து ஆன்டிபயாட்டிக் எழுதிவிடுவார்கள். சிவப்பை விட, செவிப்பறை வெளிப்பக்கமாகப் புடைத்திருக்கிறதா என்பதுதான் நம்பகமான அடையாளம். இரண்டு வாரத்துக்கு மேல் சீழ் வழிந்துகொண்டே இருந்தால் அது நாட்பட்ட நோய், மாத்திரையை விட காதைத் துடைத்து உலர்த்துவதும் சொட்டு மருந்தும்தான் வேலை செய்யும். வலியே இல்லாமல், எந்தச் சொட்டு மருந்துக்கும் அடங்காமல் வழியும் காதில் காசநோயே இருக்கலாம் என்பதை இந்த நாட்டில் மறக்கக் கூடாது. சீழ் நாறினால், அதுவும் செவிப்பறையின் மேல் மூலையில் குழி விழுந்திருந்தால், கொலஸ்டியாட்டோமா என்று சந்தேகப்பட வேண்டும். தோல் செதில்கள் உள்ளே சேர்ந்து எலும்பை அரிக்கும் நோய் அது, அறுவை தவிர வேறு வழியில்லை.

இங்கே நம் ஆயாமார்களின் ஸ்வீட் ஆயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். காது வலிக்கு வெதுவெதுப்பாக இரண்டு சொட்டு விடுவது எத்தனையோ வீடுகளில் நடக்கிறது, அன்போடு செய்வதுதான். செவிப்பறை முழுதாக இருந்தால் பெரிய கெடுதல் இல்லை, ஓட்டை இருந்தால் எண்ணெய் நடுக்காதுக்குள் போய்விடும், டாக்டர் பார்க்க வரும்போது எண்ணெய்ப் படலத்தைத் தாண்டி எதுவும் தெரியாது. டர்பனின் ஈரமான கோடையில் கடலில் குளித்துவிட்டு, அரிக்கிறதென்று பஞ்சுக்குச்சியால் குடைந்தால் வெளிக்காதுக் குழாய் புண்ணாகிவிடும். காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சின்ன மேட்டை அழுத்தினால் உயிர் போகிற மாதிரி வலித்தால் அது வெளிக்காதுப் புண், நடுக்காதுத் தொற்றில் அப்படி வலிக்காது. நம் ஆட்களிடையே சர்க்கரை நோய் அதிகம், அதனால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன்: வயதான சர்க்கரை நோயாளிக்கு ராத்திரி தூங்கவிடாத காதுவலி, வாரக்கணக்கில், சொட்டு மருந்துக்குக் குறையாமல் இருந்தால் கிருமி மண்டை ஓட்டின் அடி எலும்புக்குள் இறங்கியிருக்கலாம். முகம் ஒரு பக்கம் கோணினால் இன்னும் அவசரம். இது மருத்துவமனையில் சேர்த்துப் பார்க்க வேண்டிய நோய்.

காதில் ஒன்றுமே இல்லாமலும் காது வலிக்கும். காதுக்கு வரும் உணர்வு நரம்புகள் பல், தாடை மூட்டு, டான்சில், நாக்கின் அடி, குரல்வளை எல்லாவற்றோடும் பங்காளிகள். ஓட்டோஸ்கோப்பில் காது சுத்தமாக இருக்கிறது, வலி மட்டும் போகவில்லை என்றால் நல்ல டாக்டர் வாயைத் திறக்கச் சொல்வார், பல்லைத் தட்டிப் பார்ப்பார், கழுத்தைத் தடவிப் பார்ப்பார்.

மூக்குக்கு வருவோம். சைனஸ் தலைவலி என்று தாங்களே பெயர் வைத்துக்கொண்ட ஏறத்தாழ 3000 பேரை ஆராய்ந்து அமெரிக்காவில் 2004ல் ஒரு கட்டுரை வெளியானது, அவர்களில் 88 சதவீதம் பேருக்கு ஒற்றைத் தலைவலிக்கான அடையாளங்கள்தான் இருந்தன. கண்ணுக்குக் கீழே அழுத்தமும் மூக்கில் நீரும் ஒற்றைத் தலைவலியிலும் வரும், அதனால்தான் இந்தக் குழப்பம். உண்மையான சைனஸ் தொற்றில் கெட்டியான நிறமுள்ள சளி இருக்கும், வாசனை குறையும், பத்து நாளாகியும் தீராது, அல்லது சளி குறைந்து வந்து திடீரென மறுபடி ஏறும். எக்ஸ்ரே இதற்குப் பெரிதாக உதவாது. தும்மல், அரிப்பு, தண்ணீராக ஒழுகல் என்றால் ஒவ்வாமை. டர்பன் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் மெத்தையிலும் தலையணையிலும் தூசிப் பூச்சி செழித்து வளர்கிறது. மெர்பேங்க் பக்கத்தில் சுத்திகரிப்பு ஆலைகளின் புகையோடு வளர்ந்த தலைமுறைக்கு மூக்கும் நெஞ்சும் எவ்வளவு பட்டிருக்கின்றன என்பது அந்தப் பகுதிக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடைத்த மூக்கை உடனே திறக்கும் சொட்டு மருந்தை ஒரு வாரத்துக்கு மேல் விட்டால் அதுவே மூக்கை அடைக்கத் தொடங்கும், கையில் அந்தப் பாட்டில் இல்லாமல் தூங்க முடியாத நிலைக்கு வந்தவர்கள் நிறையப் பேர். டாக்டர் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிவிடுங்கள்.

தலைசுற்றலை ரத்த அழுத்தத்தின் கணக்கில் எழுதிவிடுவது இங்கே ரொம்பச் சாதாரணம். படுக்கையில் புரளும்போது மட்டும், அரை நிமிடம், அறை சுழன்று நிற்கிறது என்றால் உள்காதில் சுண்ணாம்புத் துகள் இடம் மாறியிருக்கிறது. தலையை ஒரு பக்கம் திருப்பி மல்லாக்கப் படுக்கவைத்துக் கண் துடிப்பதைப் பார்க்கும் டிக்ஸ் ஹால்பைக் சோதனை 1952லிருந்து இருக்கிறது. எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டால் எப்ளி முறையில் தலையைத் திருப்பியே பலரைச் சரிசெய்துவிடலாம், மாதக்கணக்கில் மாத்திரை வேண்டாம்.

தொண்டையில், குழந்தைகளின் தொண்டை வலியை இந்த நாட்டில் அலட்சியம் செய்யக் கூடாது. பெரும்பாலானவை வைரஸ்தான், ஆனால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகை என்றால் பின்னால் வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வைக் கெடுக்கலாம், அதனால் இங்கே பென்சிலின் கொடுக்கத் தயங்குவதில்லை. இருமலும் மூக்கு ஒழுகலும் இருந்தால் வைரஸ் பக்கம், அவை இல்லாமல் காய்ச்சல், டான்சிலில் வெள்ளைப் படலம், கழுத்து முன்பக்கம் வலிக்கும் நெறிக்கட்டு என்றால் ஸ்ட்ரெப் பக்கம். பெரியவருக்குக் குரல் கம்மி மூன்று வாரத்துக்கு மேல் ஆனால், அதுவும் புகைப்பவர் என்றால், குரல்வளையை யாராவது கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்பீடு இல்லாதவருக்கு அது கிளினிக்கில் தொடங்கி ஆர்.கே.கான் போன்ற அரசு மருத்துவமனை வழியாக ஈஎன்டி பிரிவுக்குப் போகும் நீண்ட வழி. பரிந்துரைக் கடிதத்தில் ‘தொண்டைக் கரகரப்பு’ என்று மட்டும் இருந்தால் வரிசையின் கடைசியில் போய் நிற்க நேரும். எத்தனை வாரம், புகைப்பழக்கம் உண்டா, விழுங்க முடிகிறதா, எடை குறைந்ததா என்று எழுதச் சொல்லிக் கேட்பது நம் உரிமை.

கடைசியாக வெற்றிலை பாக்கு. கல்யாணத்திலும் கோயிலிலும் தாம்பூலம் இல்லாமல் நமக்கு எதுவும் இல்லை, அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் தினமும் பாக்கை வாயில் அடக்கிவைக்கும் பழக்கம் நட்டால் இந்தியர்களில் பெண்களிடம்தான் அதிகம் இருந்தது. புகையிலை சேர்க்காமல் வெறும் பாக்கு போட்டவர்களுக்கும் கன்னத்திலும் ஈறிலும் புற்றுநோய் வந்ததை இங்கேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். 2004ல் வெளியான சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் அறிக்கை பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. டாக்டர்கள் சிகரெட்டைப் பற்றிக் கேட்பார்கள், எழுபது வயது அம்மாவிடம் பாக்கைப் பற்றிக் கேட்கத் தோன்றாது, அவரும் அதை ஒரு பழக்கமாகவே நினைக்காததால் சொல்ல மாட்டார். வாயில் மூன்று வாரமாக ஆறாத புண், வெள்ளைத் திட்டு, காரம் பட்டால் எரிச்சல், கன்னத்தின் உட்பக்கம் கயிறு போல இறுகுவது, இவற்றைத் தேட வேண்டும். வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு: அவருடைய மூன்று விரல்களைச் சேர்த்து நிறுத்திவைத்து, முன்பற்களுக்கு நடுவே நுழைகிறதா என்று பாருங்கள். முன்பு நுழைந்தது இப்போது நுழையவில்லை என்றால் அந்த வாரமே ஜிபியிடமோ பல் மருத்துவரிடமோ கூட்டிக்கொண்டு போங்கள், எத்தனை வருஷமாகப் பாக்கு போடுகிறார், எந்தக் கன்னத்தில் அடக்குவார் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.